மூன்று விரல் தண்ணீர்

கதிர்வேல் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு ராஜஸ்தானம் வரைக்கும் போய் போர் போட்டவன். ஒட்டகம்கூட நம்பிக்கை இழந்துவிட்ட காட்டில், ஆயிரத்து இருநூறு அடிக்குக் கீழே ஒளிந்துகொண்டிருந்த தண்ணீரை அவன் வண்டி காதைப் பிடித்து மேலே இழுத்து வந்திருக்கிறது. அப்பேர்ப்பட்டவன், போன மே மாதக் கடைசியில், பெற்ற மகளுக்கு மூன்று விரல் தண்ணீருக்கு வழி தெரியாமல் கட்டிலில் குப்புறப் படுத்துக் கிடந்தான்.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில், டவுன் பஸ் டிரைவருக்கு மனசிருந்தால் மட்டும் வண்டி நிற்கிற ஊர் அது. அங்கே ராசப்பன் தோட்டத்தில் ஒரு சதுரக் கிணறு இருக்கிறது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அதில் பிள்ளைகளுக்கு நீச்சல் போட்டி. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் பொடுசு, மற்றவர்கள் பெருசு. பொடுசுகள் கிணற்றை ஒரு குறுக்கு போய்த் திரும்ப வேண்டும், பெருசுகள் மூன்று.

இதில் வயதைக் கண்டுபிடிப்பதுதான் ஊருக்குப் பெரிய பாடு. போட்டி தொடங்கிய காலத்தில் பிறந்த தேதி என்பதற்கு அந்த ஊரில் மரியாதையே கிடையாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க வரும் பிள்ளையை வாத்தியார், வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது. தொட்டவர்கள் எல்லோருக்கும் ஜூன் முதல் தேதி என்று எழுதிவிடுவார். அதனால் ஊரில் நாற்பதைத் தாண்டிய ஆண் பெண் அத்தனை பேரும் ஜூன் முதல் தேதி பிறந்தவர்கள். இருந்ததோ ஒரே மருத்துவச்சி. பாவம், அன்றைக்கு அவள் வாயில் பச்சைத் தண்ணீர் பட்டிருக்காது.

ஆகவே, தேதியை நம்பாமல் தண்ணீரை நம்புவது என்று ஊர் முடிவு செய்தது. கிணற்றுப் படியில் ஒன்றில் உளியால் பெருக்கல் குறி கொத்தினார்கள். பக்கச் சுவரில் சிவப்புக் கோடு போட்டார்கள். போட்டியன்று காலையில் மோட்டாரை ஓட்டி, தண்ணீரைச் சிவப்புக் கோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். மார்க்குப் படியில் பிள்ளையை நிறுத்த வேண்டும். தோள் எலும்பு முங்கினால் பொடுசு. முங்காவிட்டால் பெருசு. தண்ணீருக்கு அண்ணன் தம்பி கிடையாது, பங்காளி கிடையாது, பொய் சொல்லாது என்றார்கள்.

ஒரு வருஷம் மின்சாரம் வராமல் போய் மோட்டார் ஓடவில்லை. தண்ணீர் கோட்டுக்கு ஒரு சாண் மேலே நின்றது. விதி விதிதான் என்று அப்படியே அளந்தார்கள். இரண்டு பிள்ளை பெற்ற கட்டையான மனுஷர் ஒருவர் தோள் முங்கி நின்று பொடுசு ஆனார். அந்த வருஷம் பொடுசில் முதல் பரிசும் அவருக்குத்தான். இரண்டாம் பரிசு அவர் மகனுக்கு. அந்தப் பையன் ரொம்ப நாள் அப்பாவிடம் பேசவில்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரியில் பிறந்த நிமிஷத்தைக்கூட எழுதி முத்திரை குத்தித் தருகிறார்கள். ஆனாலும் மார்க்குப் படி மாறவில்லை. மாற்றுவதென்றால் கூட்டம் போட வேண்டும். கூட்டம் போட்டால் பத்து வருஷத்து வரப்புத் தகராறு எல்லாம் எழுந்து வந்து முன்வரிசையில் உட்காரும். படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இன்னும் இரண்டு விதிகள் உண்டு. மே மாதம் முழுக்க விடியற்காலையில் வந்து பழகியவர்களுக்குத்தான் போட்டி. வந்ததற்கு அடையாளம், தென்னைமரத்துக் கயிற்றில் தொங்கும் துண்டு. கோழிப்பண்ணை அப்புசாமியின் மகன் ஜீவா வெயில் ஏறுவதற்கு முன்னால் கண் விழித்ததே இல்லை. ஆனால் அவன் துண்டு தவறாமல் வந்தது, முட்டை வண்டி டிரைவரோடு. யாரோ கேட்டதற்கு அப்புசாமி, "பஸ்ஸுல துண்டு போட்டா எடம் நம்முளுது. கெணத்துல மட்டும் ஆகாதுங்களா?" என்றார். அதற்கு இன்றுவரை ஊரில் யாருக்கும் பதில் தெரியவில்லை. அதுவுமில்லாமல் பரிசு கொடுப்பவர் அவர்தான். பொடுசில் ஜெயித்தால் பத்து அட்டை முட்டை.

அடுத்த விதியை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. மார்க்குப் படியில் பெருசு என்று ஆகிவிட்ட பெண் பிள்ளைகள் கரையில் உட்கார்ந்து பார்க்கலாம். பார்க்கலாம், அவ்வளவுதான்.

கதிர்வேலின் மகள் தனப்பிரியாவுக்குப் பதினொரு வயது. ஏழாவது போகப் போகிறாள். தை மாதத்திலிருந்து தென்னங்கன்று மாதிரி வளர ஆரம்பித்து, நிறுத்தச் சொல்லியும் கேட்காமல் வளர்ந்துகொண்டிருந்தாள். மே மாதக் கடைசி வாரத்தில் ஒரு நாள், ராசப்பன் தண்ணீரைக் கோட்டுக்குக் கொண்டுவந்து ஒத்திகை பார்த்தபோது, அவள் தானாகவே மார்க்குப் படியில் போய் நின்று பார்த்துவிட்டு வந்தாள். சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"மூணு வெரல் வெளிய தெரியுதுங்கப்பா."

மறுநாள் விடியலில் எழுந்து துண்டை எடுத்துக்கொண்டு எப்போதும் போலக் கிணற்றுக்குப் போனாள். அழுதிருந்தால்கூடக் கதிர்வேல் ஒரு அதட்டல் போட்டுவிட்டுத் தூங்கியிருப்பான்.

சங்கடம் என்னவென்றால், போட்டிக்கு நடுவரே அவன்தான். வருஷத்தில் ஒன்பது மாதம் வெளியூரில் ரிக்கோடு கிடப்பதால், ஊரில் யாரோடும் சண்டை போட நேரமில்லாத ஒரே ஆள் என்று அவனை நடுவராக்கியிருந்தார்கள். அவன் மனைவி சுகன்யா மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். சனிக்கிழமை பொழுதோடு கட்டிலின் காலை ஒரு உதை விட்டாள்.

"ஏனுங்க, எந்திரிங்க."

"தூங்கறன்."

"கண்ணைத் தொறந்துட்டா தூங்குவாங்க? ஊரான் காட்டுல ஆயிரம் அடியில தண்ணி எடுத்தனுன்னு பீத்திக்கறீங்களே, என்ற புள்ளைக்கு மூணு வெரல் தண்ணிக்கு வழியில்லீங்களா?"

"விதி இருக்குது சுகன்யா."

"அந்த ஜீவாப் பையனுக்கு வர்ற ஐப்பசி வந்தா பதினாலு. மீசை மொளைச்சிருக்குது. மீசை நனைஞ்சா அவன் பொடுசு. பதினோரு வயசுப் புள்ளை பெருசா? இதென்னங்க ஞாயம்?"

"ஞாயமுன்னு யாரு சொன்னா? விதின்னுதான சொன்னன்."

"நாளைக்கு உட்டா அவளுக்கு இனியேது போட்டி? அடுத்த வருசம் இன்னும் ஒரு சாண் வளர்ந்திருப்பா. அவ காலை வெட்டி வெக்கறதா?"

தேதியை வைத்து அளக்கலாம் என்று கதிர்வேல் சொன்னால், மகளுக்காக நடுவர் விதியை மாற்றினான் என்பார்கள். சொல்லாவிட்டால் மகள் கரையில் உட்காருவாள். இரண்டு பக்கமும் யோசித்து யோசித்து, பாறையில் மாட்டிக்கொண்ட ரிக்கின் துளைமுனை மாதிரி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் அலுப்பு. போர் போடும்போதுகூட இப்படி அலுத்ததில்லை.

ஞாயிறு விடியலில் அவன் கால்கள் அவனைக் கேட்காமலே தோட்டத்துப் பக்கம் நடந்தன. முந்தின வாரம் பெய்த கோடை மழையில் கிணறு நன்றாக ஊறியிருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் போட்டுவிட்டு ராசப்பன் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருந்தார். தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்று மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கோட்டுக்கு மூன்று விரல், சரி, நான்கு விரல் மேலே இருக்கும்போது மோட்டாரை நிறுத்திவிட்டால் போதும். யாருக்கும் தெரியாது. சிவப்புக் கோடே பாசி பிடித்துக் கிடந்தது.

கதிர்வேல் தண்ணீரைப் பார்த்தபடி காத்திருந்தான். நான்கு விரல் ஆனதும் மோட்டார் ரூமுக்குள் நுழைந்து ஸ்டார்ட்டரில் சிவப்புப் பொத்தானை அமுக்கினான். மோட்டார் நின்றது. திரும்பினால் வாசலில் அப்புசாமி நின்றிருந்தார்.

"வாங்க மாப்ள," என்றார் அப்புசாமி. "வெள்ளனே எந்திரிச்சுட்டீங்களாட்ட?"

"சும்மா... மோட்டாரு சத்தம் ஒரு மாதிரியா இருந்துதுங். பாத்துட்டுப் போலாமுன்னு."

"நானும் அதுக்குத்தான் வந்தன்." அப்புசாமி கிணற்றை எட்டிப் பார்த்தார். "ஜீவா இந்த மாசம் கொஞ்சம் வளந்துபோட்டான். ஒரு வெரல்தான். பண்ணையில அத்தனை முட்டை இருக்குது, தின்ன வேண்டாமுன்னா சொல்ல முடியும்? நிறுத்துனதும் நல்லதாப் போச்சு."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேருடைய பிள்ளையும் பொடுசாகிவிட்ட நிம்மதியில், மரம் நன்றாகக் காய்த்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

அப்போது அங்கமுத்து வந்தான். அவன் மகன் தனுஷ் உண்மையாகவே பத்து வயது, உண்மையாகவே குள்ளம். தினமும் உண்மையாகவே வந்து நீந்தியவன். ஜீவாவும் தனப்பிரியாவும் பெருசாகிவிட்டால் அவனுக்குத்தான் முட்டை.

"ஏனுங்க, கோட்டுக்கு வரலியே, அதுக்குள்ள நிறுத்திப்போட்டீங்க?" என்றவன் பதிலுக்குக் காத்திராமல் பச்சைப் பொத்தானை அமுக்கினான்.

மோட்டார் ஓடியது. அப்புசாமி சிவப்பை அமுக்கினார். நின்றது.

"கோடு மங்கிக் கெடக்குது அங்கமுத்து. இதான் கோடு."

"எனக்குக் கண்ணு நல்லாத்தானுங்க தெரியுது." பச்சை.

அடுத்து ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் மோட்டார் சத்தம் ஒரு மாதிரியாகவே கேட்டிருந்தது. பிள்ளையைப் பொடுசாக வைத்துக்கொள்ள நினைத்த அப்பாக்கள் ஒரு பக்கம், அடுத்தவன் பிள்ளையைப் பெருசாக்கிவிட நினைத்த அப்பாக்கள் ஒரு பக்கம். பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு. தண்ணீர் விரல் கணக்கில் இறங்கும்போதெல்லாம் நாலைந்து பிள்ளைகளுக்கு ஒரு வயது ஏறியது. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைகளுக்கு இது எதுவும் தெரியாது. கதிர்வேல் வாசலிலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். முதல் பொத்தானை அமுக்கியவன் தான்தான் என்பதால், நிறுத்துங்கள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

கடைசியில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் படபடவென்று பொறி பறந்தது. கருகிய வாசம் வந்தது. அப்புறம் சிவப்பை அமுக்கினாலும் மோட்டார் நிற்கவில்லை. உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்புசாமி அமுக்கினார், அங்கமுத்து அமுக்கினான், எல்லோரும் ஒற்றுமையாக அமுக்கினார்கள். அந்த ஊர் ஒரு காரியத்தில் ஒற்றுமையாக இருந்தது அதுதான் முதல் தடவை. மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பொறி கக்கும் பெட்டியைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்க எவனுக்கும் தைரியம் வரவில்லை.

ராசப்பன் பால் கேனோடு திரும்பி வந்து, ஒரு காய்ந்த கருவேலங்குச்சியால் ஃபியூஸ் கட்டையைத் தட்டி எறிந்தபோது, சிவப்புக் கோடு எங்கேயோ தலைக்கு மேலே இருந்தது. மார்க்குப் படி தண்ணீரை விட்டு வெளியே வந்து, வெயிலில் காய ஆரம்பித்திருந்தது.

"எவன்டா எம் மோட்டாரைத் தொட்டது?" என்றார் ராசப்பன்.

எல்லோரும் தென்னைமரத்தைப் பார்த்தார்கள். தென்னைமரம் நன்றாகக் காய்த்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளும் அம்மாக்களும் வந்துவிட்டார்கள். கிணற்றைச் சுற்றி நிற்க இடமில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம். போட்டியைத் தள்ளிப் போட வழியில்லை, கிணறு மறுபடி ஊற இரண்டு நாளாகும்.

"நடுவரு சொல்லட்டும்," என்றார் அப்புசாமி. எங்கேயாவது மாட்டிக்கொள்ளும்போது அவர் எப்போதும் நடுவரைத்தான் கைகாட்டுவார்.

கதிர்வேல் எழுந்தான்.

"விதிப்படி அளக்கலாமுங்க," என்றான்.

மார்க்குப் படியில் முதலில் ஜீவா வந்து நின்றான். அவன் கால் விரல்கூட நனையவில்லை. பெருசு. தனுஷ் நின்றான். பெருசு. அங்கமுத்து வாயைத் திறந்து மூடினான். அடுத்து பெருமாயியின் மகள் தீபிகா, எட்டு வயது, சோளக்கதிர் மாதிரி இருப்பாள். அவளும் பெருசு. யாரோ விளையாட்டாக இடுப்பிலிருந்த கைக்குழந்தையை அந்தப் படியில் நிறுத்திப் பார்த்தார்கள். அதுவும் பெருசுதான். அன்றைக்கு அந்த ஊரில் குழந்தை என்று ஒன்றுகூட இல்லை.

தனப்பிரியா கடைசியாக வந்து நின்றாள். அப்பாவைப் பார்க்கவில்லை. காய்ந்த படியைப் பார்த்தாள்.

"பெருசு," என்றான் கதிர்வேல். அந்த ஒரு வார்த்தைக்கு நாலு நாளாக அவன் பயந்திருந்தான். சொல்லிவிட்ட பிறகு அது ஒன்றும் அப்படிக் கனமாக இல்லை.

"செரி, பொட்டப்புள்ளைக எல்லாம் கரைக்கு வாங்க," என்றார் அப்புசாமி.

பெருமாயி மடியில் வைத்திருந்த துண்டை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"எதுக்கு வரோணும்?"

"விதி அம்மிணி. பெருசாப் போன புள்ளைக—"

"என்ற புள்ளைக்கு முன்னாடிப் பல்லு ரெண்டு இன்னும் மொளைக்கலீங்க. அவ பெருசா? தெனமும் கோழி கூப்புட எழுப்பிக் கூட்டியாந்திருக்கறன். உங்க ஊட்டுப் பையனாட்டத் துண்டை மட்டும் அனுப்புல. இப்பக் கரையில உக்காரச் சொன்னா எந்த ஞாயத்துல சேத்தி?"

"ஆமாங்க, எங்க புள்ளையும்தான் வந்துது," என்றாள் இன்னொருத்தி. ஒருத்தி பேசியதும் பத்துப் பேர் பேசினார்கள். பெண் பிள்ளைகள் மட்டும் ஒன்பது பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். போன வருஷம் வரை கரையில் உட்கார்ந்தது ஒவ்வொரு வருஷமும் ஒரே ஒரு பிள்ளையாக இருந்தது. ஒற்றைப் பிள்ளைக்கு ஊரில் யாரும் சத்தம் போட்டதில்லை. சுகன்யா புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கதிர்வேல் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். இதை முன்பே சொல்லியிருக்கலாம். மகள் ஒருத்திக்காகச் சொல்ல நா எழவில்லை. ஒன்பது பேருக்காக என்றால் சொல்ல முடிகிறது. அந்த நினைப்பு அவனுக்கு அவ்வளவு நன்றாக இல்லை.

"மார்க்குப் படியில பொட்டப்புள்ளை, பையன்னு கொத்தி வெச்சிருக்குதுங்களா?" என்றான். "எனக்குத் தெரிஞ்சு ஒரு பெருக்கல் குறிதான் இருக்குது. தண்ணி பெருசுன்னு சொல்லிப்போடுச்சு. பெருசுன்னா மூணு குறுக்கு. அல்லாரும் எறங்குங்க."

"அப்பப் பொடுசுப் பரிசு?" என்றார் அப்புசாமி.

"பொடுசே இல்லீங்களே."

"மாப்ள, இது நல்லால்ல. அடுத்த வருசம் நடுவரை மாத்தோணும்."

"இந்த வருசமே மாத்துங்க மாமா. நான் வேண்டாமுன்னா சொன்னன்?"

இருபத்தேழு பிள்ளைகள் ஒரே சமயத்தில் குதித்ததில் தண்ணீர் துள்ளி, சிவப்புக் கோட்டையே தொட்டுவிட்டு இறங்கியது என்று ராசப்பன் இப்போதும் சொல்கிறார். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். முதல் குறுக்கு முடிந்ததும் சின்னப் பிள்ளைகள் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். தீபிகா நடுவில் மல்லாந்து மிதந்துகொண்டு மற்றவர்களை வேடிக்கை பார்த்தாள். தனுஷ் இரண்டு குறுக்குப் போனான். பத்து வயதுக்கு அது பெரிய காரியம், ஆனால் அதற்குப் பரிசு ஒன்றும் கிடையாது. அங்கமுத்து அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை. ஜீவா இரண்டாவது குறுக்கில் படியேறி, கயிற்றில் தொங்கிய தன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அந்த மே மாதத்தில் அந்தத் துண்டு நனைந்தது அப்போதுதான்.

தனப்பிரியா மூன்று குறுக்கும் போனாள். கல்லூரிக்குப் போகிற பையன்கள் நான்கு பேர் அவளுக்கு முன்னால் கரை தொட்டார்கள். அவள் ஐந்தாவது. அவளுக்குப் பின்னால் வந்த பதினாறு வயதுக்காரன் ஒருவன், கால் பிடித்துக்கொண்டது என்று கேட்காதவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். ஐந்தாவதுக்கும் பரிசு கிடையாது.

ஆளில்லாத பொடுசுப் பரிசை என்ன செய்வது என்று ஒரு சண்டை ஆரம்பித்தது. அது முடிவதற்குள் ராசப்பன் அண்டாவை அடுப்பில் ஏற்றி முட்டை அத்தனையையும் அவித்துவிட்டார். மோட்டார் போன வயிற்றெரிச்சலில் அவர் ஒருவரே ஒன்பது முட்டை தின்றார். அடுத்த வருஷ விதிக்குக் கூட்டம் போடுவது என்று முடிவாயிற்று. கூட்டத்துக்கு என்றைக்குத் தேதி வைப்பது என்பதில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

கதிர்வேல் அதற்கெல்லாம் நிற்கவில்லை. எல்லோரும் போன பிறகு பொழுது சாய்கிற நேரத்தில் குளிக்க இறங்கினான். படியேறி இறங்கவே கால் வலித்தது. தனப்பிரியா மேலே உட்கார்ந்து ஈரத் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள்.

"ஏப்பா, காலைல மோட்டாரை மொதல்ல நீங்கதான் நிறுத்துனீங்களாமா?"

"யாரு சொன்னா?"

"தனுஷு அவங்கப்பா சொன்னாராமா."

அவன் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான்.

"ஆமாஞ் சாமி."

"எதுக்குங்கப்பா? நான் கேக்கலையே." தலைமுடியை முறுக்கிப் பிழிந்தாள். "நீங்க நிறுத்துன தண்ணியில நின்னு பொடுசாயிருந்தா, தனுஷுக்கு முட்டை கெடைக்காமப் போயிருக்கும். அவன் தெனமும் வந்தான்."

கதிர்வேல் காய்ந்த மார்க்குப் படியில் ஏறி உட்கார்ந்தான். பெருக்கல் குறி தொடையில் உறுத்தியது. தண்ணீர் நாளைக்கு இங்கே வந்துவிடும், நாளன்றைக்குக் கோட்டைத் தொடும். பெண் பிள்ளைகள் எல்லோரும் மறுபடி பொடுசாகிவிடுவார்கள், இந்த ஒருத்தியைத் தவிர.

"அடுத்த வருசமும் மூணு குறுக்குத்தானுங்களே எனக்கு?" என்று மேலேயிருந்து கேட்டாள்.

"கூட்டம் போட்டுச் சொல்லுவாங்க."

"கூட்டத்துல நீங்க பேசுங்க."

"வண்டி பத்தாந்தேதி கெளம்புது சாமி."

"பேசிப்போட்டுப் போங்க," என்றாள் தனப்பிரியா. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவன் வருகிறானா என்று பார்க்காமல் வீட்டைப் பார்க்க நடந்தாள்.

கதிர்வேல் இன்னும் கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தான். அப்புறம் மேல்படியில் கழற்றி வைத்த சட்டையிலிருந்து செல்போனை எடுத்து ரிக் முதலாளியைக் கூப்பிட்டு, ஊரில் ஒரு கூட்டம் இருக்கிறது, வர நாலு நாள் தாமதமாகும் என்றான். என்ன கூட்டம் என்று அவர் கேட்டார். சொன்னால் நம்பமாட்டீர்கள் என்று வைத்துவிட்டான்.